ஆறும் வரை தொட வேண்டாம்

2007 ஜனவரி 9, செவ்வாய்

உரக் கம்பனி கொடுத்த டயறி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு யூரியா மூட்டை. இவனுக்கும் ஏதாவது வளரட்டும் என்று கொடுத்திருப்பார்கள். வளர்கிறது. கீழுதட்டில், இடது ஓரத்தில்.

போன ஆகஸ்டில் அரிசி அளவு வெள்ளை. டிசம்பரில் நத்தாருக்குப் பயறு. இன்று சவரம் செய்யும்போது நெருப்புக்குச்சியை வைத்து அளந்தேன்: புளியங்கொட்டை. அடுத்தது பலாக்கொட்டையாக இருக்கும். சமையலறைச் சாமான் தீரும்வரை எனக்கு அளவுக்குப் பஞ்சமில்லை.

பதுளையில் தோல் டொக்டர் ஒக்டோபரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது, பூசுவதற்கு மருந்து இது. காயம் மட்டும் பட விடாதீங்க, காயம் படுற இடத்துல இது படரும். மருந்தைப் பூசுகிறேன். அவர் சொன்னதைத் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகப் போய் எல்லாருக்கும் யார் சொல்வது? தமிழில் இதற்குப் பெயர் வைத்தவன் வேறு 'வெண்குஷ்டம்' என்று வைத்துத் தொலைத்திருக்கிறான். வெள்ளையை யாரும் கேட்பதில்லை, பின்பாதிதான் காதில் விழுகிறது.

இன்று தோட்டத்துத் துரை ஃபெக்டரிக்குத் தேயிலை டேஸ்ட் பார்க்க வரும் நாள். எட்டுக் கோப்பை வரிசையாக ஊற்றி வைத்திருந்தேன். இந்தத் துரை வந்த நாலு வருஷமாக நான் முன்னால் போவேன், ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டு. அவர் பின்னால் வந்து அதே கோப்பையில் கரண்டியை விடுவார். இன்று அவர் முந்திக்கொண்டார். எட்டையும் முடித்துவிட்டு, "இப்ப நீங்க பாருங்க இராயப்பன்" என்றார். மரியாதையான மனிதர். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். இதை ஒரு தடவையிலேயே புரிந்துகொண்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

மகள் ரொஷானியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் றிச்சர்ட், பண்டாரவளையில் மருந்துக்கடையில் வேலை. அடக்கமான பிள்ளை. தகப்பனார் சவரிமுத்து, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டாஃபாக இருந்து ஓய்வு பெற்றவராம். இரண்டு அத்தைமார். அவர்கள் பார்க்க வந்தது பெண்ணை. பார்த்தது என் வாயை.

பெரிய அத்தை கேட்டேவிட்டாள். "அண்ணனுக்கு ஒதட்டுல என்னங்க அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் திறந்துவிட்டாள். "தேத்தண்ணி சுட்டது அத்தை. ஃபெக்டரியில டேஸ்ட் பாக்கும்போது. அப்பாவுக்கு அவசரம்."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். முன்னால் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தார். என் மனைவி கொரட்டி அடுப்படியில் இருந்து எட்டி எட்டிப் பார்த்து, இனிப்புக் கூடிவிட்டதோ என்று வாடிப்போனாள். புறப்படும் நேரத்தில்தான் எடுத்தார், ஒரே உறிஞ்சு. "நல்ல தேத்தண்ணி தங்கச்சி."

அவர்கள் போனதும் கொரட்டி சொன்னாள்: "பச்சத் தண்ணியா ஆனப்பறம் குடிச்சிட்டு நல்லாருக்காம். மனுசனுக்கு நாக்கு செத்துப் போச்சு."

சம்பந்தம் பிடித்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து மே மாதம்.

ஜனவரி 22

இருபத்திரண்டு வருஷம் ஆறவைத்து ஆறவைத்தே வாயில் வைத்தவன், வாயைச் சுட்டுக்கொண்டானாம். சுடச்சுட வைத்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது என்று சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்! நல்லவேளை, அவர்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

பெப்ரவரி 3, சனி

ரொஷானி பதுளையில் ஒரு பியூட்டி சலூனில் வேலை செய்கிறாள். கிழமை நாட்களில் கன்னியர் மடத்து விடுதி, சனிக்கிழமை பின்னேரம் வீடு. இன்று வந்ததிலிருந்து என் முகத்தைச் சுற்றியே நடந்தாள்.

"அப்பா, கோயில்ல நீங்கதானே என்னய கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்க?"

"வேற யாரு, வீடியோக்காரனா?"

"அந்த வீடியோவத்தான் சொல்றேன். வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் நம்ம ரெண்டு பேர் மூஞ்சிலதான் லைட்ட அடிப்பான். றிச்சர்டோட பெரியத்தை போன்ல கேட்டாங்க, சுட்ட எடம் கறுக்காம ஏன் வெளுத்துச்சுன்னு. பரம்பரை வியாதின்னு சொல்லிருவாங்கப்பா. எனக்கும் வரும், என் புள்ளைக்கும் வரும்பாங்க."

அவள் கையைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள்: அவளுடைய மேடம் ஸவாஹிரா கொழும்பில் ஒரு பயிற்சி எடுத்துவிட்டு மெஷினோடு வந்திருக்கிறார். அழியாத மேக்கப். புருவம் இல்லாதவர்களுக்குப் புருவம், உதடு வெளுத்தவர்களுக்கு உதட்டு நிறம். ஊசியால் தோலுக்குள் நிறத்தை இறக்குவதாம்.

"அட, பச்சை குத்துறது!"

"பச்சை இல்லப்பா. பிரவுன்."

கொரட்டி உள்ளே இருந்து, "சாயம் பூசுற வயசா இந்த மனுசனுக்கு?" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஐம்பத்திரண்டு வயதில் உதட்டுச் சாயம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றால் கொழுந்து பறிக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் அவள் பிறந்த அன்றிலிருந்து நான் மனதில் நடந்து பார்த்த நடை அது. வாசலிலிருந்து பீடம் வரை. என் இடது கையில் அவள் கை.

பெப்ரவரி 11, ஞாயிறு

புளியங்கொட்டை தாண்டிவிட்டது. குச்சியில் இன்னும் ஒரு கீறல். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. டயறிக்கு மட்டும்.

பெப்ரவரி 17, சனி

செய்தாகிவிட்டது.

காலை பஸ்ஸில் போனேன். ஸவாஹிரா மேடம் நல்ல பெண். கதிரையில் சாய்த்து, உதட்டுக்கு மரத்துப்போகிற களிம்பு பூசிவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒண்டு கேக்கோணும். உள்ளதச் சொல்லுங்கோ. இந்த வெள்ளை ஒரு வருசமா அப்பிடியே நிண்டிருக்கா? வளந்துகொண்டிருந்தா நான் ஊசி வெக்க மாட்டேன். ஊசி பட்ட எடமெல்லாம் இன்னும் வெளுக்கும்."

டொக்டர் சொன்ன அதே சொல். மகள் கால்மாட்டில் நின்றாள், நிறப் போத்தல்களைக் கையில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை. போத்தலைப் பார்த்தாள்.

"ஒன்றரை வருசமா அசையலைங்க மேடம்" என்றேன். களிம்பு வாயோடு சொன்னதால் பொய்கூட மரத்துப்போய்த்தான் வந்தது.

டொக்டர் சொன்னதை நான் கேட்கவில்லையா? கேட்டேன். மறந்துவிட்டேனா? மறக்கவில்லை. டயறியில் குச்சி அளவோடு எழுதி வைத்திருக்கிறேனே!

நிறம் கலக்கும்போது எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகள் மூன்று துளி விட்டுக் கலக்கிக் காட்டினாள். கொஞ்சம் கருப்புக் கூடுதல், கடைசி ட்ரையர் சூடு ஏறின தேயிலை மாதிரி, என்றேன். இன்னொரு துளி. இப்போது சிவப்பு. இன்னும் ஒரு துளி. "இதுதான். இந்தச் சாயத்துக்குக் கொழும்பு தேயிலை ஏலத்துல நல்ல பேர் கெடைக்கும்." மேடம் சிரித்தார். மகளும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஊசி என்ன ஊசி, அந்தச் சிரிப்புக்கு நான் தலையையே கொடுப்பேன்.

வலி? தையல் மெஷினுக்குள் வாயை வைத்தது போல. எழுத வேண்டாம்.

திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டும்போது, ஆமிப் பையன் என் வீங்கிய வாயைப் பார்த்து, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டான். தேத்தண்ணி சுட்டது என்று சிங்களத்திலேயே சொன்னேன். தானாக வந்தது. பொய்யும் இப்போது எனக்கு இரண்டு பாஷையில் தெரியும்.

பெப்ரவரி 18

மேடம் கொடுத்த தாள் சிங்களத்தில் இருக்கிறது. எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது. ரொஷானி வாசித்துச் சொல்ல, நான் தமிழில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பத்து நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது. வெயில் படக்கூடாது. உறைப்பு, புளி, சூடு ஆகாது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் வாஸ்லின், மெல்லிசாக. மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். பொருக்கு வந்தால் தானாக உதிரட்டும், நகம் வைக்கக்கூடாது. கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன்:

ஆறும் வரை தொட வேண்டாம்.

கொரட்டி வாசித்துவிட்டு, "இது தேத்தண்ணிக்கா, வாய்க்கா?" என்றாள்.

பெப்ரவரி 20, செவ்வாய்

துரையிடம் பல்வலி என்றேன், பத்து நாளைக்கு டேஸ்ட் பார்க்க முடியாது என்றேன். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை போதும். இரண்டாவது தடவையில் அவருடைய நிம்மதி தெரிந்தது.

மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். தேயிலையைக் கையில் அள்ளி மோந்தேன், கொழுந்துச் சக்கையை மோந்தேன். தோட்டத்தில் இரண்டு நாய்கள் இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யும்.

பெப்ரவரி 21

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல், வாயில் வாஸ்லின். பங்குச் சுவாமியார் சாம்பலைப் பூசும்போது என் வாயைப் பார்த்து ஒரு கணம் மந்திரத்தை மறந்தார்.

பெப்ரவரி 24, சனி

பொருக்கு. அரிப்பு! ஐயோ அந்த அரிப்பு! கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சோற்றைக் குழந்தைக்குப் போல குழைத்து, சின்னக் கரண்டியால் உதட்டில் படாமல் கொரட்டி ஊட்டினாள். உறைப்பு இல்லாத பருப்பு. "இருபத்தஞ்சு வருசத்துல உங்க வாய்க்கு ரெஸ்ட் குடுத்த முதல் ஆள் ஒங்க மகதான்" என்றாள். சிரிக்கக்கூடாது, பொருக்கு வெடிக்கும். வயிற்றால் சிரித்தேன்.

ரொஷானி பின்னேரம் வந்ததும் பையைக்கூட வைக்காமல் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பஞ்சுக் குச்சியால் அவளே பூசினாள். மூச்சுப் படுகிற தூரத்தில் அவள் முகம். வெள்ளை வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு கிட்ட வந்ததில்லை. வந்ததில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

பெப்ரவரி 28

உதிர்ந்தது. கீழே ரோஸ் நிறம். கல்யாணப் பெண்ணே தோற்றாள். மேடம் பயப்பட வேண்டாம் என்கிறாராம், நிறம் இறங்க ஒரு மாதம் பிடிக்குமாம்.

மார்ச் 23, வெள்ளி

இறங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எங்கே வெள்ளை இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

இன்று டேஸ்ட். துரை என் வாயைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டவில்லை. "நீங்க போங்க இராயப்பன், நான் பின்னால வாறேன்" என்றார். ஒன்பது கோப்பை. ஒவ்வொன்றையும் தொழிற்சாலை அதிர உறிஞ்சினேன். பின்னால் அவருடைய கரண்டிச் சத்தம் என் கோப்பைகளில்.

இவ்வளவு அற்பமான சந்தோஷத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு

பதுளைக் கோயிலில் பூசை முடிந்து மக்கள் கலைந்த பிறகு, ரொஷானியும் நானும் வாசலிலிருந்து பீடம் வரை ஒத்திகை நடந்தோம். கையில் குருத்தோலை. நான் வேகமாக நடக்கிறேனாம். "பெரட்டுக்கு ஓடுற மாதிரி ஓடாதீங்கப்பா, லைட்காரன் பின்னால நடக்கணும்." முப்பத்தெட்டு அடி. காலடி காலடியாக எண்ணினேன்.

ஏப்ரல் 12, வியாழன்

சவரம் செய்யும்போது கண்டேன். பிரவுனைச் சுற்றி நூல் மாதிரி ஒரு வெள்ளை.

சோப்பு நுரையாக இருக்கும் என்று கழுவினேன். கழுவினேன். கழுவினேன்.

ஏப்ரல் 15

நூல் இல்லை. கயிறு.

ஏப்ரல் 22, ஞாயிறு

இப்போது நடுவில் பிரவுன், சுற்றிலும் வெள்ளை. உடைக்காமல் பொரித்த முட்டையில் மஞ்சள் மட்டும் கருகியது போல. கீழே தாடைக்கு இறங்கி, மேலுதட்டிலும் ஓரிடம். ஊசி தொட்ட இடமெல்லாம் பிடித்து, தொடாத இடத்தையும் தேடிப் போயிருக்கிறது. முன்பு தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இப்போது நடுவில் குத்திய சாயம், பொட்டு வைத்துக் காட்டுகிறது — இங்கே பாருங்கள் என்று.

சமையலறையில் இந்த அளவுக்குச் சாமான் இல்லை.

ஏப்ரல் 24, செவ்வாய்

சலூனுக்குப் போனேன். ஸவாஹிரா மேடம் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, ஒன்றரை வருசம் நிண்ட எண்டு சொன்னீங்க தானே?"

"சொன்னேங்க."

"நிண்டதா?"

"இல்லைங்க."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "இனி நான் தொட மாட்டேன். டொக்டருட்டப் போங்கோ" என்றார். கதவு வரை வந்தார். "மகளுக்குத் தெரியுமா, வளந்துகொண்டிருந்த எண்டு?"

தெரியாது என்றேன். இது மூன்றாவது பொய்யா, நாலாவதா? போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும். மாதம் நாலு தடவை என் முகத்தைப் பார்க்கிற பிள்ளை. தெரிந்தும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஊசி மட்டும்தான் உள்ளதைச் சொன்னது.

அந்தப் பெண்ணுடைய தொழிலுக்கு என்னால் ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது. யார் கேட்டாலும் பிழை என்னுடையது.

ஏப்ரல் 28, சனி

கொரட்டியின் தம்பி சூசை வந்திருந்தான். வெலிமடையில் லீக்ஸ், கரட் என்று மரக்கறி வியாபாரம். வாட்டசாட்டமான ஆள், மீசை. ரொஷானிதான் வரச் சொல்லியிருக்கிறாள். நான் அறைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அடுப்படியில் பேசினார்கள். நான் பின்வாசலில் செருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க என்னய கூட்டிட்டுப் போங்க கோயிலுக்குள்ள."

"ஏன்டி, ஒங்கப்பன் இருக்கானே."

"அப்பாவுக்குப் பல்லு வீங்கியிருக்குன்னு சொல்லிக்கலாம். கைக்குட்டையைக் கட்டிட்டுப் பின்னால உக்காந்துக்குவாரு."

கொரட்டி பேசினாள். "அந்த மனுசன் ஒனக்காகத்தானடி வாயக் கிழிச்சுக்கிட்டாரு." அதற்கு அவள் அழுதாள். அழுதுகொண்டே, "எனக்குத் தெரியும்மா, எனக்குத் தெரியாதா" என்றாள். ஆனால் மாமா வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னேரம் என்னிடம் வந்து நின்றாள். கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்: "சூசை போகட்டும்மா. எனக்கு நடை வேகம். ஒத்திகையிலயே பாத்தியே." அவள் தலையை ஆட்டினாள். என் நகைச்சுவைக்கு இவ்வளவு உடனடிப் பலன் என்றும் கிடைத்ததில்லை.

ஏன்டி, முதல் முதல்ல நடந்தப்ப யாரு வெரலப் புடிச்சுட்டு நடந்த? லீக்ஸ் வியாபாரி வெரலையா? அப்ப என் வாயப் பாத்தியா? இருபத்திநாலு வருசமா இந்த வாயாலதானடி ஒனக்கு —

போதும். நாளைக்கு வாசித்தால் வெட்கமாக இருக்கும்.

ஏப்ரல் 29

வாசித்தேன். வெட்கமாக இல்லை.

மே 19, சனி

கல்யாணம்.

மே 20, ஞாயிறு

நேற்று ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிட்டதாக நடிக்க வசதியாக இருக்கும்.

பதுளைக் கோயில். ஐந்தாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். தாடையைச் சுற்றிக் கைக்குட்டை, மேலே முடிச்சு. பல்வலிக்காரனுக்கும் பிணத்துக்கும் ஒரே கட்டுத்தான். சூசை அழகாகவே நடந்தான். கோட்டு, டை, லேசாக லீக்ஸ் வாசனை. முப்பத்தெட்டு அடியை அவன் இருபத்தொன்பதில் முடித்துவிட்டான். என்னைவிட வேகம். வெளிச்சத்தில் ரொஷானி அவ்வளவு அழகாக இருந்தாள். தூணைக் கடக்கும்போது என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பினால் லைட்டும் திரும்பும். அவளுக்கு அது தெரியும்.

சாப்பாடு மண்டபத்தில். நான் ஒரு மூலைக் கதிரையில். கைக்குட்டையோடு எப்படிச் சாப்பிடுவது? பல்வலி என்று வேறு சொல்லியாகிவிட்டது. பிரியாணி என் முன்னால் வந்து, பார்த்துவிட்டுப் போனது.

அப்போது சம்பந்தி சவரிமுத்து வந்தார். இரண்டு கையிலும் இரண்டு தேத்தண்ணி, பால் இல்லாமல். ஒன்றை என் முன்னால் வைத்தார், ஒன்றைத் தன் முன்னால். இரண்டிலும் ஆவி பறந்தது. அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

"எத்தனை வருசமா டேஸ்ட் பாக்குறீங்க சம்பந்தி?"

"இருபத்திரண்டுங்க."

"நான் முப்பத்தொண்ணு."

ஸ்டாஃப் என்றார்களே. ஸ்டாஃப்தான். என்னைப் போல டீமேக்கரும் ஸ்டாஃப்தானே! கிளார்க் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"முப்பத்தொரு வருசத்துல ஒரு நாள் வாய் சுட்டதில்ல" என்றார். "ஒரு பய சுட்டுக்கிட்டான், எங்க வெள்ளைக்காரக் காலத்துப் பெரியவர் ஒருத்தர் அவனை அன்னைக்கே வெறகு அடுக்க அனுப்பிட்டாரு. ஆற வைக்கத் தெரியாதவனுக்கு நாக்கு எதுக்குன்னு."

"அப்ப... அன்னைக்கே..."

"ஒங்க புள்ள சொல்லி முடிக்கலை, எனக்குத் தெரிஞ்சிருச்சு. வெள்ளை விழுந்திருக்குன்னு நேரா சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். எங்க பெரிய டீமேக்கருக்கே ரெண்டு கையிலயும் இருந்துச்சு. அவர் கலக்குன தேயிலைய ஊரே குடிச்சுச்சு, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஒட்டல."

"ஏங்க நீங்க ஒண்ணும் சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாலு மாசம் பாத்தேன்." கோப்பையின் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு. "அது போகட்டும். வாசல்ல ஒங்களத்தான் எதிர்பாத்தேன். ஒங்க மச்சான் கையப் புடிச்சு புள்ள வருது. அதுதான் எனக்குப் புடிக்கல சம்பந்தி."

நான் கைக்குட்டையை அவிழ்த்தேன். எதற்காக அவிழ்த்தேன் என்று தெரியவில்லை. அவர் பார்த்தார், பிரவுன், வெள்ளை எல்லாவற்றையும். பெரிய அத்தை பார்த்ததைப் போல இல்லை. சாயம் சரியாக இறங்கவில்லை என்று ஒரு டேஸ்ட் பார்க்கிறவன் இன்னொருவன் கோப்பையைப் பார்ப்பானே, அப்படி. "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நெருப்புக்குச்சி, ஊசி, வாஸ்லின், ஒன்றரை வருஷம் எல்லாம். அவர் ஒரு தடவை மட்டும் சிரித்தார், பெப்ரவரி மாதம் மூக்கால் வேலை பார்த்ததைச் சொன்னபோது.

"புள்ளைக்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாங்க" என்றேன். "ஒங்களுக்கு முதல்லயே தெரியும்னு தெரிஞ்சா, என்னய ஒக்கார வச்சது வீணா வச்சதுன்னு ஆயிரும். அத அவ தாங்க மாட்டா. தேத்தண்ணி சுட்டதாவே இருக்கட்டும்."

அவர் மறுபடி கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சரி. ஆறிருச்சு, குடிங்க" என்றார்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உறிஞ்சினோம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. தேத்தண்ணி படுமோசம். தூள். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

ஜூன் 5, செவ்வாய்

டேஸ்ட். துரை முன்னால், நான் பின்னால்.

ஜூலை 14, சனி

கல்யாண ஆல்பம் வந்தது. கொரட்டி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் பார்த்தாள். நான் இரண்டு படத்தில் இருக்கிறேன். ஒன்றில் தூண் என்னை மறைக்கிறது. மற்றதில் நான் தூணை மறைக்கிறேன்.

"வீடியோல இருப்பீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிய தாளைப் பிய்த்தேன். ஒரு மூலை மட்டும் சுவரை விட்டு வரவில்லை. 'தொட வேண்டாம்' மட்டும் நிற்கிறது.

செப்டெம்பர் 7, வெள்ளி

காலை ஒன்பதரை. கோப்பைகளை ஊற்றி வைத்துவிட்டு ஆறட்டும் என்று நின்றபோது, ஒஃபிஸில் போன் என்றார்கள். ரொஷானி, பண்டாரவளையில் இருந்து. குரலே சொல்லிவிட்டது, நல்ல செய்தி. மூன்று மாதமாம். கொரட்டியிடம் சொல்லச் சொன்னாள், அப்பம் சாப்பிட வேண்டும் போல இருக்கிறது என்றாள். சரிம்மா, சரிம்மா என்று ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு அவள் குரலைத் தணித்தாள். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"அப்பா, றிச்சர்டோட அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. ஒங்க வாய்ச் சூடு ஆறிருச்சான்னு. நீங்கதான் சொல்லணுமாம்." கிக்கிக்கென்று சிரித்தாள். "பாத்தீங்களா, பாவம், இன்னமும் நம்பிக்கிட்டிருக்காரு."

நானும் சிரித்தேன். அவளுக்குக் கேட்கிற அளவுக்கு.

"என்னப்பா சொல்ல?"

சவரிமுத்து கேட்டது எனக்கு விளங்கியது. பிள்ளை பிறக்கப் போகிறது. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று கேட்கிறார். நல்ல மனிதர். முப்பத்தொரு வருஷம் காத்திருந்து பழகியவர். மறுமுனையில் என் மகள், சந்தோஷமாக, ஒரு மறுமொழிக்காக நின்றாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"ஆறிருச்சுன்னு சொல்லும்மா."

திரும்பி வந்து பார்த்தேன். பேச்சில் நேரம் போய்விட்டது. ஒன்பது கோப்பையும் ஆறிவிட்டன. டேஸ்ட் பார்ப்பதற்கு ஆற வேண்டும்தான். இவ்வளவு ஆறினால் எது நல்லது, எது கெட்டது என்று நாக்குக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் வைத்தேன்.